மைனருக்காக அரைத்த மிளகாய்

உக்காருங்க தம்பி, தாராளமா உக்காருங்க. இங்க யாருமில்லீங்க. எங்கூட்டுக்காரி அதோ முன்னால, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு, மஞ்சச் சேலை, தெரியுதுங்களா? அவதான். பொம்பளைங்க பக்கம் ஜன்னலோரம் காலியா இருந்துச்சு, போய் உக்காந்துக்கிட்டா. காத்து வேணும்னு போயிருப்பா. வேற ஒண்ணுமில்லீங்க.

மூக்கத் தேய்க்கறீங்களே, அது எம்பட கைதாங்க. மொளகா நெடி. மூணு வாட்டி சோப்புப் போட்டுக் கழுவிட்டனுங்க, போக மாட்டீங்குது. நீங்க எந்தூருங்க? செஞ்சியா? அடேங்கப்பா, அங்கிருந்து எங்க பக்கம் வேலையா வந்தீங்களா? சரி சரி. அப்ப உங்களுக்கு இந்தச் சங்கதி தெரிஞ்சிருக்காது. இங்க ஒரு அம்மன் இருக்கறா. யாராச்சும் நம்மளுக்கு ஒரு அக்கிரமம் பண்ணிப்போட்டு, போலீசுல சொல்லியும் ஒண்ணும் ஆகாதுன்னா, அவகிட்ட வந்து சொல்றதுங்க. ஒரு காயிதத்துல மனு எழுதோணும். யாரு பண்ணுனாங்க, என்ன பண்ணுனாங்கன்னு. அங்கயே ஆட்டாங்கல்லு போட்டிருக்குது. அதுல மொளகாய அரைச்சு அம்மன் மேல பூசிட்டா, பண்ணுனவனுக்கு மேலெல்லாம் எரியுமாமா. அப்பிடிச் சொல்றாங்க. நானு இதெல்லாம் நம்பறதில்லீங்க. முப்பத்தோரு வருசம் மருந்துக்கடையில நின்னவன். எரிச்சலுக்கு என்ன களிம்புன்னு கேளுங்க, அதச் சொல்றேன்.

யாரு மேல மனுவா? ஒரு டாக்டரம்மா மேலைங்க. மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா. எங்க மைனரக் கொன்னவ.

மைனருங்கறது எங்க பூனை. சிரிக்காதீங்க. சிரிக்கலீங்களா? சரி, தப்பா நெனைச்சுக்காதீங்க. நெறையப் பேரு சிரிச்சுட்டாங்க, அதுனால கேட்டேன். எங்கூரு டீக்கடையில ஒருத்தன், பேரு சொல்ல வேண்டாம், "என்னண்ணா, பூனைக்குப் பதினாறாம் நாள் காரியம் உண்டுங்களா"ன்னு கேட்டான். டீய அவன் மேலயே ஊத்திப்போட்டு வந்துட்டேன். எம்பட மக ஓசூர்ல இருக்கறா, சுகந்தின்னு. போன்ல சொல்றா, "பூனைதானேப்பா, நான் வேற குட்டி கொண்டாந்து தர்றேன்." அம்மிணி, நீ பொறந்தப்ப மஞ்சக்காமாலையில பொழைப்பியோ மாட்டியோன்னு கெடந்தியே, அப்ப யாராச்சும் எங்கிட்ட வந்து வேற குட்டி தர்றேன்னு சொன்னாங்களான்னு கேட்டேன். அவ போன வெச்சுட்டா. ஆமாங்க, இந்த ஒரு மாசமா நான் யாருகூடப் பேசினாலும் இப்பிடித்தான் முடியுது. எங்கூட்டுக்காரிக்கு வெசனம். எனக்கு வெசனமெல்லாம் இல்லீங்க. கோவம்.

மைனரப் பத்திச் சொல்றேன் கேளுங்க. செம்பட்டைக் கலரு. கழுத்து இத்தாச்சோடு தடியா இருக்கும். ஒரு காது பாதிதான், சண்டையில போனது. பொழுதோட விளக்கு வெக்கறப்ப வெளிய போவான், வெடியால வருவான். வர்ற வரத்தப் பாக்கோணுமே! நாலு ஊருக்கு நாட்டாமை பண்ணிட்டு வர்றவனாட்ட, மெதுவா, அக்கட்ட இக்கட்ட பாத்துக்கிட்டு வருவான். அதனாலதான் மைனருன்னு பேரு. பேரு வெச்சது நானுதான். ஆனா எனக்கும் அவனுக்கும் ஆகாதுங்க. ஒம்பது வருசம் ஒரே ஊட்டுல இருந்தோம், ஒரு நாளு எம்பட மடியில ஏறினதில்லை. எங்கூட்டுக்காரி தெய்வானை, அவ வயித்துக்கிட்டதான் படுப்பான். அவ கையிலதான் திம்பான். நான் வெச்சா மோந்து பாத்துப்போட்டுப் போயிருவான். எனக்கென்ன போச்சுன்னு இருந்துட்டேன். வெள்ளை வேட்டியெல்லாம் மசுரு. சனிக்கிழமை சனிக்கிழமை சந்தையில நெத்திலிக் கருவாடு வாங்கிட்டு வருவேன், அவ்வளவுதான் எங்களுக்குள்ள. கருவாட்டுக்காரி எனக்குன்னு பொடுசாப் பொறுக்கி வெச்சிருப்பா. மைனருக்கு முள்ளு குத்துமில்லைங்க.

சரி, அந்த டாக்டர் சமாச்சாரத்துக்கு வர்றேன். மைனருக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அந்தப் புள்ள ஒரு ஊசி போட்டா. ஒரு மணி நேரத்துல செத்துப் போயிட்டான். இவ்வளவுதான் கதை. நீங்களே சொல்லுங்க, இது யாரு தப்பு?

ஏன், அதுக்கு மொத நாளா? மொத நாளு என்னங்க? அதெல்லாம் எதுக்கு?

சரி, கேட்டுட்டீங்க. முழுசாச் சொல்றேன். மறைக்கறதுக்கு ஒண்ணுமில்லை.

ஆவணியில எங்கூட்டுக்காரியோட அண்ணன் பேத்திக்குச் சீரு. காங்கேயத்துல. வெடியால கெளம்பறப்பவே சொல்லிட்டுத்தான் போனா. "ஏனுங்க, மைனரு ரெண்டு நாளா ஒண்ணுந் திங்கலை. முதுகுல புண்ணு சீக்கோத்துருக்குது. மேலு கொதிக்குது. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க. நான் அங்கயே தங்கிட்டு நாளைக்குத்தான் வருவேன். மறந்தறாதீங்க." சரி போ, பாத்துக்கறேன்னு சொன்னேன்.

ஆனா நீங்க ரோசனை பண்ணிப் பாருங்க. எங்கூருல என்னைய மருந்துக்கடை முத்தண்ணன்னுதான் சொல்லுவாங்க. நாச்சிமுத்துன்னா யாருக்குந் தெரியாது. பாதி ஊரு டாக்டரு மூஞ்சியே பாத்ததில்லீங்க, எம்பட மூஞ்சியத்தான் பாத்திருக்குது. தலைவலியா, வவுத்துப்போக்கா, புள்ளைக்குச் சளியா, கடைக்கு வந்து நின்னாப் போதும். வாயத் தொறந்து சொல்றதுக்கு முன்னாடி எம்பட கை டப்பாவ எடுத்துரும். மாத்திரைய நாலா ஒடைக்கோணும்னா கத்தி வேண்டாமுங்க. இந்தக் கட்டைவெரல் நகம் போதும். ஒரு துளி தூள் உதுராது. அப்பிடிப்பட்டவன் ஒரு பூனையக் கூடையில போட்டுத் தூக்கிக்கிட்டு, கடைவீதியெல்லாம் பாக்க, நேத்துப் பாஸ் பண்ணிட்டு வந்த ஒரு சின்னப்புள்ள முன்னால போய், "அம்மிணி, இதுக்குக் காய்ச்சலுங்க"ன்னு நிக்கறதா? நீங்க நிப்பீங்களா?

காய்ச்சல்தானே. காய்ச்சலுக்கு மாத்திரை எதுன்னு எனக்குத் தெரியாதா? பாரசிட்டமால். கைக்குழந்தைக்கே குடுக்கறது. ஒரு மாத்திரைய நாலா ஒடைச்சேன். கால் பங்குதாங்க. பொடி பண்ணி, கருவாட்டுச் சோத்துல பெசைஞ்சு, உள்ளங்கையில வெச்சு நீட்டினேன். எப்பவும் போல மோந்து பாத்துட்டுப் போயிருவான்னு நெனைச்சேன்.

தின்னுட்டானுங்க.

எம்பட கையில. ஒம்பது வருசத்துல மொத தடவை. தின்னுப்போட்டு உள்ளங்கையவும் நக்கினான். பூனை நாக்கு சொரசொரன்னு இருக்கும், தெரியுங்களா? எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். நான் அப்பிடியே உக்காந்துக்கிட்டேன். கைய எடுக்க மனசு வரலை.

மத்தியானம் தெய்வானை போன் பண்ணினா. "காட்டினீங்களா?"ன்னா. காட்டியாச்சு, டாக்டரம்மா மருந்து குடுத்திருக்கறா, குடுத்துட்டேன்னு சொன்னேன். சீருக்குப் போன எடத்துல அவ எதுக்கு வெசனப்படோணும்? நல்லதுக்குத்தானே சொன்னது. அதையொரு பொய்யின்னு சொல்ல முடியுமா? டாக்டர் குடுத்தா என்ன, நான் குடுத்தா என்ன. அதே மாத்திரைதான் அவளும் எழுதியிருப்பான்னு நெனைச்சேன்.

பொழுதோட பாத்தாச் சூடு எறங்கலை. வாயில எச்சி ஒழுகிக்கிட்டே இருந்துச்சு. அளவு பத்தலைன்னு நெனைச்சு அரை மாத்திரை குடுத்தேன். அப்பவும் எம்பட கையிலதான் தின்னான். அப்ப அவனுக்குத் திங்கற மாதிரியே இல்லீங்க. நான் நீட்டினேன்னு தின்னான். இல்லை, அப்பிடியிருக்காது. பூனைக்கென்ன அந்த ரோசனையெல்லாம். பசியா இருந்திருக்கும்.

வெடியால மூஞ்சி வீங்கிக் கெடந்துச்சு. மூச்சு வாங்குது. அப்பத்தான் தூக்கிக்கிட்டு ஓடினேன். கூடையுமில்லை கடைவீதியுமில்லை, துண்டுல சுத்தி நெஞ்சோட புடிச்சுக்கிட்டு ஓடினேன். அறுவத்தாறு வயசுல ஓடினேன்.

இப்ப அந்த டாக்டரம்மா பண்ணினதச் சொல்றேன். நீங்களே நியாயம் சொல்லுங்க.

தரையில சப்பணம் போட்டு உக்காந்துக்கிட்டா. மேசையில வெச்சாப் பயந்துக்குவானாம். மைனரு மூஞ்சிக்கு ஆக்சிஜன் கொழா ஒண்ண வெச்சுப் புடிச்சா. வாயப் பிரிச்சு ஈறப் பாத்தா. சேப்பா இருக்க வேண்டிய ஈறு காப்பித்தூள் கலர்ல இருந்துச்சு. உடனே என்னையப் பாத்துக் கேக்கறா, "ஐயா, ஏதாச்சும் மாத்திரை குடுத்தீங்களா?" இல்லைன்னேன். ஒரு ஊசி போட்டா. போட்டுட்டு மறுக்காவும் கேக்கறா, "குடுத்திருந்தாச் சொல்லுங்கய்யா, அதுக்குத் தகுந்த மாத்து மருந்து போடோணும்." இல்லைன்னேன். அவ எந்திரிச்சு எம்பட பக்கத்துல வந்து, மெதுவா, வேற யாருக்கும் கேக்காத மாதிரி, "நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன்யா. அவனக் காப்பாத்தோணும். என்ன குடுத்தீங்க?"ன்னா. அப்பத்தான் சொன்னேன். கால் மாத்திரை, அப்பறம் அரை மாத்திரைன்னு. அதுக்குள்ள ஒரு இருவது நிமிசம் போயிருக்கும். இருவது நிமிசத்துல என்ன ஆயிறப் போகுதுங்க?

கேட்டதும் அந்தப் புள்ள மூஞ்சி எப்பிடிப் போச்சுன்னா... "ஐயா, மனுசனுக்கு அது மருந்து. பூனைக்கு அது வெஷமுங்க. கால் மாத்திரையே தாங்காது"ன்னா. அதோட அலமாரியத் தொறந்து மருந்தத் தேடறா, யாருக்கோ போன் பண்றா, ஓடறா. முப்பத்தோரு வருசம் தம்பி! முப்பத்தோரு வருசம் எம்பட கையால எத்தனை ஆயிரம் மாத்திரை குடுத்திருப்பேன். ஒருத்தன், ஒரே ஒருத்தன் வந்து "முத்தண்ணா, நீ குடுத்தது வெஷம்"னு சொன்னதுண்டா? இவ யாரு சொல்றதுக்கு? பொஸ்தகத்துல எவனோ எழுதி வெச்சத ஒப்பிக்கறவ. பூனைக்கு ஒரு ஒடம்பு, மனுசனுக்கு ஒரு ஒடம்பா? காய்ச்சலு ஒண்ணுதானே?

மைனரு துண்டு மேல கெடந்தான். என்னையத்தான் பாத்துக்கிட்டிருந்தான்னு நெனைக்கறேன். சரியாத் தெரியலை.

அவன் அடங்கி அஞ்சு நிமிசம் இருக்கும், தெய்வானை வந்துட்டா. ஊட்டுக்குப் போயிருக்கறா, பூட்டிக் கெடக்குது, பக்கத்தூட்டுல சொல்லியிருக்காங்க. பட்டுச்சேலையும் தலையில பூவுமா அப்பிடியே ஓடி வந்துட்டா. மைனரப் பாத்தா. நான் இத்தனை வருசத்துல அவ கத்திக் கேட்டதில்லீங்க. அன்னைக்குக் கேட்டேன். டாக்டரம்மா சட்டையப் புடிச்சுட்டா. "நேத்து என்ன மருந்துடி குடுத்தே? எம்மவனுக்கு என்ன மருந்துடி குடுத்தே?"

அந்தப் புள்ளைக்கு மொதல்ல ஒண்ணும் புரியலை. நேத்தா? நேத்து நான் பாக்கவே இல்லையேங்கற மாதிரி முழிச்சா. அப்பறம் என்னையப் பாத்தா. நான் செவுத்தப் பாத்தேன். அங்க மாட்டுப் படம் மாட்டியிருந்துச்சு. காங்கேயம், பர்கூர், சிந்து, ஜெர்சின்னு வரிசையா. ஒவ்வொண்ணாப் பாத்தேன்.

அவ என்ன சொன்னா தெரியுங்களா? தெய்வானை கையப் புடிச்சுக்கிட்டு, "என்னைய மன்னிச்சுருங்கம்மா"ன்னா.

பாத்தீங்களா? தப்புப் பண்ணாதவ எதுக்குங்க மன்னிப்புக் கேக்கறா? நான் குடுத்த மாத்திரைதான் காரணம்னா, "இதோ உங்கூட்டுக்காரருதாம்மா"ன்னு அப்பவே எங்கூட்டுக்காரிகிட்டச் சொல்லியிருக்க வேண்டியதுதானே? ஏன் சொல்லலை? அவ மனசுல ஏதோ இருந்துச்சுங்கறேன். இல்லாட்டி அப்பிடி நிப்பாளா?

கொல்லையில எலுமிச்சைக்குப் பக்கத்துல நாந்தான் குழி வெட்டினேன். அதுக்கப்பறம் எங்கூடு ஊடா இல்லீங்க. தெய்வானை சோறு திங்க மாட்டீங்கறா. பொழுது எறங்கினாக் கொல்லைக் கதவத் தொறந்து வெச்சு, படியில உக்காந்துக்குவா. அவன் கெளம்பற நேரம் அது. எங்கிட்ட ஒரே கேள்வி. "அவ என்ன மருந்து குடுத்தா, சொல்லுங்க. எந்தக் கலரு? மாத்திரையா, தண்ணி மருந்தா? அதக் குடிக்கறப்ப அவன் கஷ்டப்பட்டானா?" நான் என்னத்தச் சொல்றது? வெள்ளை மாத்திரைன்னேன். கஷ்டப்படலை, நல்லாத் தின்னான்னேன். அது உண்மைதானே. "யாரு கையில தின்னான்?"னு கேட்டா. எம்பட கையிலன்னேன். அன்னைக்குத்தான் எம்பட கையப் புடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தா. பாத்துட்டு அவ கன்னத்துல வெச்சுக்கிட்டா. மைனரு கடைசியாத் தின்ன கையின்னு. நான் கைய வெடுக்குன்னு இழுத்துக்கிட்டேன். வேலை கெடக்குதுன்னு வெளிய வந்துட்டேன். என்ன வேலைன்னு கேக்காதீங்க.

எனக்கு அந்த டாக்டர் மேல இருந்த கோவம் நாளாக நாளாக ஏறிக்கிட்டே போச்சு. ஒரு வாரங் கழிச்சு நேர்ல போயிட்டேன். இன்னைக்கு அவள உண்டு இல்லைன்னு பண்ணிப்போடறதுன்னுதான் போனேன். ஒரு எருமைக் கன்னுக்கு ஊசி போட்டுக்கிட்டிருந்தா. என்னையப் பாத்ததும் கையக் கழுவிட்டு வந்து, "ஐயா, அம்மா சாப்படறாங்களா?"ன்னு கேட்டா. நான் சொல்லலாம்னு வெச்சிருந்ததெல்லாம் போயிருச்சு. "நீங்க சாப்படறீங்களா?"ன்னு அடுத்துக் கேட்டா. என்னைய ஒருத்தரும் அதக் கேக்கலீங்க. எம்பட மக கேக்கலை. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம், அங்கயே நின்னா அழுதுருவேனோன்னு திரும்பி நடந்துட்டேன். எவ்வளவு திமிரு இருந்தா எங்கிட்ட அப்பிடிக் கேப்பா?

போன திங்கக்கெழமை தெய்வானை ஒரு முடிவுக்கு வந்துட்டா. வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்குப் போறோம், மொளகா அரைக்கறோம்னுட்டா. வேண்டாம் புள்ள, உனக்கு வீசிங் இருக்குது, மொளகா நெடி ஆகாதுன்னேன். செத்தாலுஞ் சரின்னுட்டா. அந்தப் பொண்ணு சின்னப் பொண்ணு, போனாப் போகுது விடுன்னேன். "எம்மவனும் சின்னவந்தான்"னா. அதுக்கு மேல நான் பேசலை. பேசினா அவ கேப்பா, உங்களுக்கு எதுக்கு இவ்வளவு இரக்கம்னு.

இன்னைக்குக் கோயில்ல நல்ல கூட்டம். முன்னாடி ஒருத்தி, சங்கிலியத் திருட்டுக் குடுத்தவ. அவளுக்கு முன்னாடி ஒருத்தன், அண்ணன் தம்பித் தகராறு. "உங்களுக்கு என்னக்கா?"ன்னு சங்கிலிக்காரி கேட்டா. "எம்மவன வெஷம் வெச்சுக் கொன்னுட்டாங்க"ன்னு தெய்வானை சொன்னா. அவ்வளவு பேரும் உச்சுக்கொட்டி எங்களுக்கு வழி விட்டுட்டாங்க. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டு நடந்தேன். பூனைன்னு சொன்னாச் சிரிப்பாங்கன்னுதான். வேறெதுக்குமில்லை.

அவ கல்லுல உக்காந்தா. முந்தானைய மூக்கோட கட்டிக்கிட்டு அரைச்சா பாருங்க. கண்ணுல தண்ணியா ஊத்துது, இருமறா, வுட மாட்டீங்கறா. நாந்தான் நடுவுல கொஞ்ச நேரம் வாங்கி அரைச்சுக் குடுத்தேன், அதுல வந்ததுதான் இந்தக் கை. அரைச்சுக்கிட்டே சொல்றா, "மனு எழுதிட்டு வாங்க. உங்க கையெழுத்து அச்சாட்ட இருக்கும். அந்தப் பொம்பளை பேரத் தெளிவா எழுதுங்க. அம்மனுக்கு ஆளு மாறிறக் கூடாது."

தூணோரம் போய் உக்காந்தேன். காயிதத்த முழங்கால் மேல வெச்சேன். 'அம்மா தாயே, எங்கள் மைனரை மாத்திரை கொடுத்துக் கொன்றது' அப்பிடின்னு எழுதிட்டேன். அது வரைக்கும் நல்லா வந்துச்சு. அதுக்கப்பறம் பேரு எழுதோணுமில்லைங்க? பேனா ஓடலை. டாக்டரம்மா பேரு மிருதுளா. ஆஸ்பத்திரிப் பலகையில எழுதியிருக்குது. நாலெழுத்து. எழுதறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? நான் நம்பறதில்லைதான். ஆனாலும் பாருங்க, ஒண்ணுமறியாத புள்ள பேர எழுதி, அம்மன் மேல மொளகாயப் பூசி...

ஒண்ணுமறியாதன்னா சொன்னேன்? வாய் தவறிருச்சு. வுடுங்க.

ஒரு பேரு எழுதித்தானே ஆகோணும். எம்பட பேர எழுதிட்டேன். நாச்சிமுத்து, மருந்துக்கடை. எழுதி, நாலா மடிச்சு, கொண்டு போய் அவ கையில குடுத்தேன். என்ன ஆயிறப் போகுது? நான்தான் நம்பறதில்லையே. அவ மனசு ஆறினாச் செரி. யாரு பேரு இருந்தா என்ன? உள்ள போனா பூசாரி வாங்கி அம்மன் காலடியில சொருகிருவாரு, யாரும் பிரிச்சுப் பாக்கறதில்லைன்னு எனக்குத் தெரியும்.

அவ கண்ணுல ஒத்திக்கறதுக்காகக் காயிதத்தப் பிரிச்சா. எல்லாரும் மடிச்சபடியே ஒத்திக்குவாங்க, இவ பிரிச்சா. பிரிச்சுப் புடிச்சுக்கிட்டு நின்னா. உதடு மெதுவா அசைஞ்சுச்சு. சாமி கும்புட்டுக்கிட்டிருந்தா. ரொம்ப நேரம். பின்னால நின்னவங்க "நகருங்கக்கா"ன்னு தள்ளறாங்க, இவ நகரலை. மொளகா நெடியில கண்ணு தெரியலையோ என்னமோன்னு நான் தோளத் தொட்டேன். தோள எடுத்துக்கிட்டா.

அப்பறம் ஒண்ணு நடந்துச்சுங்க. அதுதான் எனக்குப் புரியவே இல்லை. அவ்வளவு மொளகா அரைச்சாளே, ஒரு தேங்கா சைசுக்கு உருட்டி வெச்சிருந்தா. அம்மன் முன்னால போய் நின்னதும், சுண்டுவெரல்ல தொட்டு, அம்மன் கால்கிட்ட ஒரு பொட்டு வெச்சா. ஒரே ஒரு பொட்டு. மீதியெல்லாத்தையும் எலையோட அந்தச் சங்கிலிக்காரி கையில குடுத்துட்டா. கை அசந்துருச்சு போல, பாவம். வயசாகுதில்லைங்க.

மனுவப் பூசாரிகிட்டக் குடுத்துட்டு நின்னுக்கிட்டே கேக்கறா, "சாமி, பூசினது எரியாம இருக்கோணும்னா என்ன பண்றது?" அவரு சொன்னாரு, தப்புப் பண்ணுனவங்க தானா வந்து ஒத்துக்கிட்டா, எண்ணெய்க் காப்பு போட்டு அம்மனைக் குளுர வெச்சுறலாம்மா, அப்ப எரிச்சலு நின்னுரும்னாரு. "அவிங்க வாயத் தொறக்காட்டி?" "தொறக்கற வரைக்கும் எரியும்." இவ வுடறாளா? "அவிங்களுக்காக வேற ஒருத்தரு வந்து எண்ணெய் ஊத்தலாங்களா?" பூசாரியே ஒரு மாதிரி பாத்தாரு. யாரும்மா ஊத்தறதுன்னாரு. "நாந்தான். நாளைக்கே வரலாங்களா?"

எனக்குக் கோவம் வந்துருச்சு. வெளிய வந்ததும் கேட்டுட்டேன். "ஏம்புள்ள, வேண்டாம் வேண்டாம்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன், கேக்காம கூட்டியாந்துட்டு, இப்ப அந்த டாக்டர் மேல உனக்கென்ன இரக்கம்?" நேராப் போய்க் கடையில ஒரு மோரு வாங்கினா. அவ குடிக்கலை. எங்கிட்ட நீட்டி, "குடிங்க, வயிறு எரியும்"னா. பஸ் ஏறறப்ப, நான் இங்க எடம் புடிச்சுக் கூப்புட்டேன். அவ முன்னால போயிட்டா.

நான் என்ன நெனைக்கறேன்னா, அம்மனைப் பாத்ததும் அவ மனசு எளகிருச்சு. அவ்வளவுதான் இருக்கும். இல்லீங்களா?

ஏன் தம்பி அப்பிடிப் பாக்கறீங்க?

இல்லைங்க, அதுக்கு வாய்ப்பில்லை. அவளுக்கு எழுத்து வராதுங்க. பத்திரிகை வந்தா நாந்தான் படிச்சுச் சொல்லோணும். கரண்ட் பில்லு, ரேசன் கார்டு எல்லாம் நாந்தான். முப்பத்தெட்டு வருசமா நாந்தான் படிச்சுச் சொல்றேன், நான் சொன்னதத்தான் அவ கேட்டுக்குவா. என்னவோ சின்ன வயசுல மூணாவது வரைக்கும் போனாளாமா. அப்பறம் ஆடு மேய்க்க நிறுத்திட்டாங்களாமா. அது ஆச்சு அம்பது வருசம்.

தம்பி, நீங்க படிச்சவரு. ஒண்ணு கேக்கறேன், உள்ளதச் சொல்லுங்க. மூணாவது படிச்சவங்களுக்கு ஒரு பேரு படிக்கத் தெரியுங்களா? நெறைய வேண்டாம். வேற எதுவும் படிக்க வேண்டாம். கட்டுன புருசன் பேரு மட்டும்.